அம்மன் மேடைக்கு மேல் நின்ற மோட்டார்

திண்டுக்கல்லில் படகு மோட்டார் ரிப்பேர் பார்த்தவன் நான் என்று சொன்னால் இன்றைக்கும் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். குடிதண்ணீருக்குக் குடத்தைத் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாக அலைந்த ஊரில் படகு மோட்டாருக்கு என்ன வேலை என்று நானும்தான் கேட்டேன். ஆனால் அறுபதுகளின் நடுவில், நாகல் நகரில் இருந்த என் பட்டறைக்குள் அப்படி ஒன்று வந்து சேர்ந்தது. அது இருமி இருமி நிற்கும் சத்தம் என் காதை விட்டு இன்னும் போகவில்லை. மழை நாளில் யாருடைய வண்டியாவது கிளம்பாமல் முனகினால் என்னால் உட்கார்ந்திருக்க முடியாது. எழுந்து உள்ளே போய்விடுவேன்.

என் தொழில் கிணற்று ஆயில் எஞ்சின். அந்த நாளில் சுற்றுப்பட்டுக் கிராமங்களில் கமலை ஏற்றத்தை விட்டுவிட்டு எஞ்சினுக்கு மாறிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொருவரும் எஞ்சினோடு ஒரு கதையையும் கொண்டுவருவார்கள். கதை கேட்கிற பொறுமை எனக்குக் கிடையாது. "ஒன் கதைய வெளிய வச்சுட்டு எஞ்சின மட்டும் உள்ள கொண்டா" என்பேன். மனுஷன் பொய் சொல்லுவான், இரும்பு சொல்லாது என்று ஒரு திமிர். பேய், காத்து, கண்ணேறு என்று யாராவது ஆரம்பித்தால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும்.

அந்தப் படகு மோட்டாரை எங்கள் தெருத் தோல் வியாபாரி ஒருவர் சென்னையில் மிலிட்டரி ஏலத்தில் எடுத்திருந்தார். கட்டாக வாங்கிய பழைய இரும்புக்குள் அதுவும் வந்துவிட்டது. என்ன செய்வது என்று தெரியாமல் என் பட்டறை மூலையில் சாய்த்துவிட்டுப் போனார். நான் சும்மா இருக்க மாட்டாமல் அதைப் பிரித்துத் துடைத்து, ஒரு பீப்பாய்த் தண்ணீரில் இறக்கி ஓடவும் வைத்துவிட்டேன். தலைக்கு மேலே பித்தளை மூடி போட்ட சின்ன பெட்ரோல் டாங்க், கயிற்றைச் சுற்றி இழுத்தால் கிளம்பும், அவ்வளவுதான்.

அதைத் தேடி வந்தவர் ஒட்டன்சத்திரத்துக்கு மேற்கே, மலையடிவாரத்தில் உள்ள ஒரு பெரிய குளத்தின் படகுக்காரர். அந்தக் குளத்தின் கரையைச் சில வருஷங்களுக்கு முன் உயர்த்தியிருந்தார்கள். அதில் ஒரு சிறு குடியிருப்பு தண்ணீருக்குள் போய்விட்டது. சனங்கள் அக்கரைக்குக் குடிபோனார்கள். பிடிமண் எடுத்துப்போய் அம்மனுக்கும் அங்கே புதுக்கோயில் கட்டினார்கள். ஆனால் பழைய அம்மன் மேடை குளத்துக்கு நடுவே தண்ணீருக்கு அடியில் அப்படியே இருந்தது. மண்தான் வந்தது, அம்மன் வரவில்லை என்று சொல்கிறவர்களும் இருந்தார்கள். அக்கரைக்காரர்களின் தக்காளியையும் அவரையையும் கூடை கூடையாக இக்கரைக்குக் கொண்டுவந்து, ஒட்டன்சத்திரம் சந்தைக்குப் போகும் வண்டியில் ஏற்றுவதுதான் இவர் வேலை. துடுப்புப் போட்டு வந்து சேர்வதற்குள் பாதி நாள் வண்டி போய்விடும்.

என் வயதுதான் அவருக்கும். வந்த அரை மணி நேரத்தில் நான் அவரை மாப்ள என்றும் அவர் என்னைப் பாய் என்றும் கூப்பிட ஆரம்பித்துவிட்டோம். என் வாய்க்குப் பயப்படாத ஆள். நான் ஒன்று சொன்னால் அவர் ஒன்று சொல்லுவார்.

மோட்டாரை எடுத்துப்போக அவர் வந்த வாரம் எங்கள் தர்காவில் சந்தனக்கூடு முடிந்திருந்தது. வீட்டில் ஒரு சின்ன டப்பாவில் சந்தனம் இருந்தது.

"ஏனுங்க பாய், சும்மா எப்படிங்க தூக்கிட்டுப் போறது? உங்க கையால எதாச்சும் பூசிக் குடுங்க" என்றார்.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்பதை மறைப்பானேன். டப்பாவை வரவழைத்து, மோட்டாரின் உச்சியில், மனுஷனுக்கு நெற்றி இருக்கிற இடத்தில், அந்தப் பித்தளை மூடியின் நட்ட நடுவில் கட்டை விரலால் அழுத்தி ஒரு பொட்டு வைத்தேன். டப்பாவையும் அவரிடமே கொடுத்துவிட்டேன்.

"இத அழிய விட்ராத மாப்ள. காஞ்சு உதுந்தா மேல வச்சுக்க."

பெரிய மனுஷன் போல அதைச் சொன்னேன். அந்த வார்த்தையை இன்றைக்கு வரை என்னால் திரும்ப வாங்க முடியவில்லை.

ஆறேழு மாதம் மோட்டார் நன்றாக ஓடியது. காய்கறி வண்டிக்காரர்கள் மூலம் சேதி வரும், ஒருதரம் ஒரு கூடைத் தக்காளியே வந்தது. புரட்டாசிக் கடைசியில் அவரே மோட்டாரைத் தோளில் சுமந்துகொண்டு பஸ் ஏறி வந்துவிட்டார். முகம் சரியில்லை.

"மெதுவாப் போனாப் போகுதுங்க. பிடியத் திருகி வேகம் குடுத்தா, கொஞ்ச நேரம் ஓடிட்டு, அம்மன் மேடைக்கு நேரா வந்து இருமி இருமி நின்னுருதுங்க பாய். தினமும் அதே எடத்துல. பெட்ரோல் இருக்குதான்னு தொறந்து பாத்துட்டு இழுத்தா, ஒரே இழுப்புல பிடிச்சுக்குதுங்க."

வியாதி, வியாதி வரும் நேரம், வியாதிக்கு மருந்து, மூன்றையும் அவர் தன் வாயால் சொல்லிவிட்டார். அம்மன் மேடை என்ற வார்த்தை காதில் விழுந்ததும் எனக்குக் கோபம் வந்துவிட்டது. மிச்சம் எதுவும் காதில் ஏறவில்லை.

ஆனாலும் வேலையில் குறை வைக்கவில்லை. பிளக்கைக் கழற்றிச் சுரண்டினேன். கார்புரேட்டரைப் பிரித்து, பெட்ரோல் வரும் பொடித் துளைகளை ஊதினேன். டாங்கில் இருந்த பெட்ரோலை இறக்கி, பதனிட்ட ஆட்டுத்தோலில் வடிகட்டி மறுபடி ஊற்றினேன். தோலில் தண்ணீர் ஒரு சொட்டுகூடத் தங்கவில்லை. தண்ணீருக்குள் சுழலும் விசிறியில் பாசி எதுவும் சுற்றியிருக்கவில்லை. பிறகு பீப்பாயில் இறக்கி, முழு வேகத்தில் அரை மணி நேரம் ஓட்டினேன். மோட்டார் ஒரு தரம்கூடத் தும்மவில்லை.

என்னிடம் ஒரு பழக்கம் உண்டு. எந்த எஞ்சினைச் சோதித்தாலும் பெட்ரோல் மூடியைக் கழற்றித் தனியே வைத்துவிட்டுத்தான் ஓட்டுவேன். எண்ணெய் எத்தனை வேகத்தில் இறங்குகிறது என்று கண்ணால் பார்க்க வேண்டும் எனக்கு. அன்றைக்கும் அப்படித்தான் செய்தேன். மூடியில் சந்தனம் தடிமனாக, மேலே குங்குமத்தோடு அழகாக இருந்தது.

"வீட்ல வெள்ளிக்கிழம தவறாம வக்கிறாளுங்க" என்று பெருமையாகச் சொன்னார்.

அது கலைந்துவிடக் கூடாதே என்று துவைத்த துணி ஒன்றை விரித்து, அதன்மேல் மூடியைப் பதமாக வைத்தேன். சோதனை முடிந்ததும் திருகி மூடிக் கொடுத்தேன்.

"மோட்டாருக்கு ஒண்ணுமில்ல மாப்ள. பயம் ஒனக்குத்தான். அம்மன நெனச்சுக்கிட்டே போனா கை தானாப் பிடிய விட்ரும். அம்புட்டுத்தான்."

பட்டறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். எப்போதும் பதிலுக்கு ஒன்று சொல்லுகிறவர் அன்றைக்கு எதுவும் சொல்லவில்லை. மோட்டாரைத் தோளில் ஏற்றிக்கொண்டு, "வர்றனுங்க பாய்" என்று பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தார். அதன் பிறகு அவரை நான் பார்க்கவில்லை.

ஐப்பசியில் மழை பிடித்தது. குளம் நிரம்பி, உபரித் தண்ணீர் கலிங்கில் வழிந்து ஓடிக்கொண்டிருந்தது. ஒரு மத்தியானம், அக்கரையில் கூடைகளை ஏற்றப் போனவர், இழுப்பு அதிகமாக இருக்கிறதென்று வெறும் படகோடு திரும்பியிருக்கிறார். வேகமாக வந்துகொண்டிருந்த படகு கலிங்குக்கு நேரே வந்ததும் நின்றுவிட்டது. தண்ணீர் அதைப் பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு போனது. கரையில் நின்ற குளத்துக் காவல்காரர் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். இவர் கயிற்றைச் சுற்றி ஐந்தாறு தரம் இழுத்தார், பிறகு கலிங்கில் நட்டிருக்கும் கற்களில் ஒன்றைப் பிடிக்கத் தாவினார், வழுக்கிவிட்டது. படகு கல்லில் சாய்ந்து கவிழாமல் நின்றது. படகிலேயே உட்கார்ந்திருந்தால் பிழைத்திருப்பார். மூன்றாம் நாள்தான் கீழே ஓடையில் கிடைத்தார்.

படகைக் கட்டி இழுத்துவந்தவர்கள் டாங்கைத் திறந்து பார்த்திருக்கிறார்கள். பாதிக்கு மேல் பெட்ரோல். கயிற்றை இழுத்ததும் ஒரே இழுப்பில் கிளம்பியிருக்கிறது. அப்புறம் ஊருக்குக் கேட்கவா வேண்டும். மோட்டார் நன்றாக இருக்கிறது, ஆள்தான் குடித்திருந்தார் என்றார்கள் பாதிப் பேர். அம்மன் இழுத்துக்கொண்டாள் என்றார்கள் மீதிப் பேர்.

இதையெல்லாம் காய்கறி வண்டிக்காரர் ஒருவர் என்னிடம் சொன்னார். நான் துக்கத்துக்குப் போகவில்லை. பட்டறையில் வேலை இருக்கிறது என்று வீட்டில் சொன்னேன். வேலை இருந்தது உண்மைதான். ஆனால் அன்றிலிருந்து தூக்கம் கெட்டது. பட்டறையில் எந்த எஞ்சின் வேகம் பிடிக்காமல் இருமினாலும், தோளில் மோட்டாரோடு நடந்து போகும் முதுகுதான் தெரிந்தது. எதைத் தவற விட்டோம் என்று மனசுக்குள்ளேயே அந்த மோட்டாரைப் பிரித்துப் பிரித்து மாட்டினேன்.

தை பிறந்ததும் அவருடைய மச்சினன், இருபத்தைந்து வயது இருக்கும், என்னைத் தேடி வந்தான். அக்காள் வீட்டுப் படகை இப்போது அவன்தான் ஓட்டுகிறான். மோட்டாரைக் கொண்டுவரவில்லை.

"எனக்கும் அதே எடத்துல நிக்குதுங்க. அக்கா உங்களையே நேர்ல கூட்டிட்டு வரச் சொல்லுச்சுங்க. இன்னைக்கு வந்து பாருங்க, இல்லாட்டி மோட்டார அந்தத் தண்ணியிலயே போட்ருவேங்குது."

போனேன். கரையோரத்தில் ஓலை வேய்ந்த வீடு. படகுக்காரரின் மனைவி வாசலுக்கு வந்து, "வாங்க பாய்" என்றார். நெற்றி வெறுமையாக இருந்தது. உள்ளே ஒரு சாக்கின் மேல் மோட்டார், துடைத்து வைத்த பாத்திரம் போலச் சுத்தமாக. மூடியின்மேல் அன்றைக்கு வைத்த சந்தனம், குங்குமம். நான் அதைப் பார்ப்பதை அவர் கவனித்தார்.

"எனக்குத்தான் இனிமே இல்லீங்க. அதுக்காச்சும் இருக்கட்டும்னு வக்கிறனுங்க. உங்க டப்பா தீந்து போச்சு. கல்லுல இழைச்சுத்தான் வக்கிறேன்."

தண்ணீர் கொடுத்தார், குடித்தேன்.

"ஒண்ணே ஒண்ணு எனக்குத் தெரியணுமுங்க பாய். மோட்டாரு நின்னுதா, இல்ல அவரு நிறுத்திப் போட்டாரா? குடிக்கறவரில்லீங்க அவரு. ஆனா ஊரே சொல்றப்ப எனக்கே சந்தேகம் வருதுங்க. அந்தச் சந்தேகத்தோட என்னால இருக்க முடியலீங்க."

மூன்று பேரும் படகில் ஏறினோம். அந்தப் பெண் முன்னால், நான் நடுவில், அவர் தம்பி மோட்டாரோடு பின்னால். நல்ல வெயில், காற்றே இல்லை. கரையோரத்திலேயே கொஞ்ச நேரம் மெதுவாக ஓட்டச் சொன்னேன், சத்தம் சீராக இருந்தது. "வேகம் குடு" என்றேன். படகு மூக்கைத் தூக்கிக்கொண்டு பாய்ந்தது. மூன்று நான்கு நிமிஷம் இருக்கும். சத்தம் தளர்ந்தது. ஒரு இருமல். இன்னொன்று. நின்றுவிட்டது.

"இந்த எடந்தானுங்க" என்றான் தம்பி மெதுவாக.

படகு தானாக நழுவி ஓய்ந்தது. எஞ்சின் சத்தம் அடங்கிய பிறகு அந்தக் குளத்தில் அப்படி ஒரு மௌனம். கீழே வீடுகள் இருக்கின்றன, சுவர்கள், அடுப்புகள், அந்த மேடை, எல்லாம் எங்கள் காலுக்குக் கீழே இருக்கின்றன என்ற நினைப்பு வந்தது. பேய் என்றால் எரிந்து விழுகிற நான், படகுக்கு வெளியே இருந்த கையை உள்ளே இழுத்துக்கொண்டேன். அந்தப் பெண் தண்ணீரைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் பின்பக்கம் நகர்ந்து, பெட்ரோல் இருக்கிறதா என்று பார்க்க மூடியைத் திருகினேன். திருகும்போதே டாங்குக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. மூச்சை அடக்கிக்கொண்டிருந்த ஒருவர் ஆழமாக உள்ளே இழுப்பதுபோல, உஸ்ஸ் என்று.

"அம்மா தாயே" என்றான் தம்பி.

ஒரு கணம் நானும் மூடியை விட்டுக் கையை எடுத்துவிட்டேன். அடுத்த கணம் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அந்த மாதிரி விளங்கியது எனக்கு வேறு எப்போதும் இல்லை. இனி வரவும் வேண்டாம்.

கடலை எண்ணெய் டின்னில் ஒரே ஒரு ஓட்டை போட்டுக் கவிழ்த்தால் எண்ணெய் வராது. குபுக் குபுக்கென்று நாலு சொட்டு விழுந்து நின்றுவிடும். காற்று உள்ளே போக இன்னொரு ஓட்டை வேண்டும். பெட்ரோல் டாங்கும் அப்படித்தான். அந்தப் பித்தளை மூடியின் நட்ட நடுவில், காற்றுப் போவதற்காக, ஊசி நுழைகிற அளவுக்கு ஒரு துளை உண்டு. மெதுவாக ஓடினால் கசிகிற காற்றே போதும். வேகம் கொடுத்தால் பெட்ரோல் மளமளவென்று இறங்கும், அதன் இடத்துக்குக் காற்று வராது, சில நிமிஷத்தில் டாங்க் பெட்ரோலைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மோட்டார் தாகத்தில் இருமி நிற்கும். மூடியைத் திறந்தால் காற்று புகுந்துவிடும், ஒரே இழுப்பில் கிளம்பும். இக்கரையிலிருந்து முழு வேகத்தில் அம்மன் மேடை அந்தச் சில நிமிஷத் தூரம். கூடைச் சுமையோடு மெதுவாகத் திரும்பும்போது தெரியாது; அக்கரையிலிருந்து வெறும் படகோடு வேகமாக வந்தால் அதே தூரத்தில் கலிங்கு.

மூடியைத் திருப்பி வெயிலுக்கு நேரே பிடித்தேன். துளை வழியே வெளிச்சம் தெரியவில்லை. நகத்தால் மேலே சுரண்டினேன். சந்தனம், குங்குமம், மறுபடி சந்தனம் என்று ஏடு ஏடாக உதிர்ந்தது, ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஒரு ஏடு. காய்ந்த கீறல்கள் வழியே ஆறேழு மாதம் புகுந்துகொண்டிருந்த காற்றும் ஏடு ஏற ஏற அடைபட்டுப் போயிருக்கிறது. எல்லாவற்றுக்கும் அடியில், துளைக்குள்ளேயே இறுகிப்போய், கொஞ்சம் கறுத்த ஒரு கட்டி இருந்தது. அத்தரும் ஊதுபத்தியும் கலந்த எங்கள் தர்கா வாசனை அதில் இன்னும் இருந்தது. என் கட்டை விரல் அழுத்தி வைத்தது.

அந்தத் துளை எனக்குத் தெரியாததா? முதல் தடவை மோட்டாரைப் பிரித்தபோது அதைக் குத்திச் சுத்தம் செய்தவனே நான்தான். பொட்டு வைக்கிறவனுக்கு நெற்றி மட்டும்தான் தெரிந்தது. அப்புறம் அவர் வந்து நின்று முறையிட்டபோது, பீப்பாய்க்குப் பக்கத்தில் துணி விரித்து, அவருடைய எமனை அலுங்காமல் வைத்துப் பாதுகாத்துத் திருப்பிக் கொடுத்தேன். கொடுத்ததோடு நிற்காமல் நாலு பேர் சிரிக்க அவரைக் கோழை என்றேன்.

துளையைக் குத்தி எடுத்தேன். மூடியைத் திருகினேன். கயிற்றை நானே இழுத்தேன். பிடியை முழுக்கத் திருகி, அந்த மேடைக்கு மேலேயே நாலு சுற்றுச் சுற்றினேன். மோட்டார் நிற்கவில்லை. தம்பி கத்திச் சிரித்தான். அவனுடைய அக்காள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதார்.

கரையில் இறங்கியதும் கேட்டார். நான் சொன்னேன்.

"மோட்டார்தான் நின்னுச்சு தங்கச்சி. அவர் நிறுத்தல, குடிக்கல. அம்மனும் இழுக்கல. மூடியில காத்துப் போற ஓட்டை அடச்சுக்கிட்டு இருந்துச்சு. யார் கேட்டாலும் நான் சொன்னேன்னு சொல்லு. எங்க வந்து சொல்லணும்னாலும் வந்து சொல்றேன்."

"எதுங்க அடச்சுது?"

வாய் வரைக்கும் வந்தது. அடைத்தது நான் வைத்த சந்தனம் என்றால், அதன்மேல் வெள்ளிக்கிழமை தவறாமல் வைத்தது யார் என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். என் பாவத்தைப் பிட்டு வைத்தால் பாதி அந்தப் பெண்ணின் மடியில் விழும். அதனால்தான் சொல்லவில்லை என்று பல வருஷம் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அது பாதி உண்மை. மறுபாதி, எனக்குத் தைரியம் இல்லை.

"தூசிதான்" என்றேன்.

"நான் தொடச்சுத் தொடச்சு வப்பனுங்களே."

"கண்ணுக்குத் தெரியாத தூசிம்மா. இனிமே பொட்டு வைக்கிறதா இருந்தா படகுல வைங்க. மூடியில வேணாம், சூட்டுல உதுந்துரும்."

அவர் என் கையைப் பார்த்தார். நான் குனிந்து பார்த்தேன். கட்டை விரல் நகத்துக்கு அடியில் மஞ்சளும் சிவப்புமாக அப்பியிருந்தது. கையை வேட்டியில் துடைத்துக்கொண்டேன்.

"சரிங்க பாய்" என்றார். சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார். பஸ் போய்விடும் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

அடுத்த சந்தனக்கூட்டுக்கு ஒரு டப்பா நிறையச் சந்தனம் எடுத்து வைத்தேன். காய்கறி வண்டியில் கொடுத்து அனுப்பினேன். என்ன நினைத்து அனுப்பினேன் என்று எனக்கே தெரியாது. மன்னிப்பு கேட்கத் தெரியாதவன் வேறு என்ன செய்வான். பத்து நாள் கழித்து மச்சினன் பிளக் மாற்ற மோட்டாரோடு வந்தான். டப்பாவை அப்படியே என் மேஜைமேல் வைத்தான்.

"அக்கா வேண்டாமுன்னுருச்சுங்க. தப்பா நெனக்காதீங்க. இப்ப அது எதுலயுமே சந்தனம் வக்கிறதில்லீங்க. ஏன்னு கேட்டா, பாய்கிட்டப் போய் ஒண்ணும் கேட்டுட்டு நிக்காதேங்குது."

நான் மோட்டாரைப் பீப்பாயில் மாட்டினேன். இந்தத் தடவை மூடியைக் கழற்றவில்லை. பித்தளை தேய்த்துத் தேய்த்துப் பளபளவென்று இருந்தது, ஒரு பொட்டுகூட இல்லை. மூடியின் கழுத்தில் ஒரு கறுப்பு நூல் கட்டியிருந்தது. நூலின் நுனியில் ஒரு தையல் ஊசி தொங்கியது.

"இது என்னப்பா?" என்று கேட்டேன்.

"அக்கா கட்டுனதுங்க. வெள்ளிக்கிழம தவறாம அந்த ஓட்டையில விட்டு விட்டு எடுக்குதுங்க."